எண்ணிக்கை குறையவில்லை, இரத்தமும் நிற்கவில்லை

கிளான்ஸ்மன் திரோம்பாஸ்தீனியா பிறவியிலேயே உடன்வரும் ஓர் இரத்தக் கசிவு நோய். இந்நோய் உள்ளவரின் இரத்தத்தில் பிளேட்லெட் என்ற தட்டணுக்கள் போதிய எண்ணிக்கையில் இருக்கும். உருவத்திலும் குறை தெரியாது. ஆனால் காயம் பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அவை ஒன்றோடொன்று பிணைந்து அடைப்பாக மாறுவதில்லை. அதனால் சின்னக் கீறலும் வெகுநேரம் கசிகிறது. மூக்கிலும் ஈற்றிலும் காரணமே இல்லாமல் இரத்தம் வருகிறது. உலக அளவில் ஏறத்தாழ பத்து லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் இந்நோய் இருக்கும் என்பது பொதுவான கணிப்பு. இது கூடுதலாகக் காணப்படும் சமூகங்கள் என்று மருத்துவ நூல்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடுபவை மிகச் சில. ஈராக்கிய யூதர்கள், பிரான்ஸின் மனூஷ் நாடோடிகள், ஜோர்டான் அரபியர் ஆகியோரோடு தென்னிந்தியரும் அந்த வரிசையில் வருகிறார்கள். சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கத்தைக் கடல் தாண்டியும் கொண்டுவந்த, மலேசியாவின் ஜொகூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு, அந்தக் காரணத்தாலேயே, இது எங்கோ தொலைவில் இருக்கும் நோய் அல்ல.

ஜொகூரில் பிளேட்லெட் என்ற சொல்லை அறியாத வீட்டைக் காண்பது அரிது. டிங்கிக் காய்ச்சல் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. காய்ச்சல்காரரின் பிளேட்லெட் நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று வார்டு வாசலில் உறவினர்கள் விசாரிப்பதும், ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,50,000 முதல் 4,00,000 வரை இருந்தால் கவலையில்லை என்று பாட்டிமார்கூடச் சொல்வதும் சாதாரணம். அந்த அறிவு பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் இந்த ஒரு நோயில் அதுவே கண்ணை மறைக்கிறது. பிள்ளைக்கு அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிகிறது என்று அழைத்துப் போகிறார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்தால் பிளேட்லெட் 2,80,000. “எல்லாம் சரியாக இருக்கிறது” என்ற பதிலோடு வீடு திரும்புகிறார்கள். அந்தப் பரிசோதனை அணுக்களை எண்ணுமே தவிர, அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்காது. இந்நோயை இயந்திரம் காட்டிக்கொடுப்பதற்கு முன் காட்டிக்கொடுக்க வேண்டியது, எங்கே, எப்போதிருந்து, எவ்வளவு நேரம் இரத்தம் வருகிறது என்று வீட்டார் சொல்லும் விவரம்தான்.

உள்ளே நடப்பது என்ன

இரத்தக் குழாய் ஒன்று கீறப்பட்டால் உடல் இரண்டு கட்டமாக அதை அடைக்கிறது. முதலில் தட்டணுக்கள் கிழிந்த விளிம்பில் படிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு, சில நிமிடங்களில் தற்காலிக அடைப்பை உண்டாக்குகின்றன. பிறகு உறைவுக் காரணிகள் எனப்படும் புரதங்கள் அடுத்தடுத்துத் தூண்டப்பட்டு, ஃபைப்ரின் என்ற இழைகளால் அந்த அடைப்பை இறுக்குகின்றன. ஹீமோஃபீலியா இரண்டாம் கட்டத்தின் கோளாறு. கிளான்ஸ்மன் நோய் முதல் கட்டத்திலேயே தடுக்கிவிடுகிறது.

தட்டணு எலும்பு மச்சையில் பிறக்கிறது. குறுக்களவில் இரண்டு, மூன்று மைக்ரான்தான். ஏழு முதல் பத்து நாள் வாழ்கிறது. அதன் மேற்பரப்பில் ஆல்ஃபா-2பி பீட்டா-3 என்று பெயரிடப்பட்ட ஏற்பிப் புரதம் ஏறத்தாழ 80,000 இருக்கும். காயம் பட்டவுடன் இந்த ஏற்பி விழித்து, இரத்தத்தில் மிதக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஃபைப்ரினோஜனின் இரு முனைகளையும் இரண்டு தட்டணுக்கள் பிடிக்க, அப்படியே சங்கிலி நீள்கிறது. கிளான்ஸ்மன் நோயில் இந்த ஏற்பி இல்லை, அல்லது மிகக் குறைவு, அல்லது இருந்தும் செயல்படுவதில்லை. செங்கல் வண்டி வந்து இறங்கிவிட்டது, சாந்து மட்டும் வரவில்லை என்ற நிலை.

இதை முதலில் விவரித்தவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் குழந்தை மருத்துவர் எடுவார்ட் கிளான்ஸ்மன், ஆண்டு 1918. இன்றைய கருவிகள் எதுவும் அவரிடம் இல்லை. ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு உடல் வெப்பத்தில் வைத்தால் அது உறையும். ஓரிரு மணி நேரத்தில் அந்த உறைகட்டி குழாயின் சுவரை விட்டு விலகிச் சுருங்கி, வைக்கோல் நிற நீரைப் பிழிந்து வெளியே விடும். கிளான்ஸ்மன் கண்ட நோயாளிகளின் இரத்தம் உறைந்தது, ஆனால் சுருங்கவில்லை. குழாய் முழுவதையும் அடைத்துக்கொண்டு அப்படியே நின்றது. தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தபோதும் அவற்றின் ஆற்றலில்தான் குறை என்று அவர் முடிவுகட்டினார். எந்தப் புரதம் இல்லாததால் இப்படி ஆகிறது என்பது தெரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பாரிஸில் ஆலன் நர்டனும் ழாக் கேனும் 1974-இல் அதைக் கண்டறிந்தார்கள். அந்தக் கண்டுபிடிப்பு இதய நோயாளிகளுக்கும் பயன்பட்டது. இதே ஏற்பியை வேண்டுமென்றே சில மணி நேரம் முடக்கி, இதயக் குழாயில் அடைப்பு வராமல் தடுக்கும் அப்சிக்சிமாப் என்ற மருந்து 1994-இல் ஒப்புதல் பெற்றது. அரிய நோயாளிகள் சிலரின் துன்பத்திலிருந்து பெற்ற அறிவு லட்சக்கணக்கானோருக்குச் சிகிச்சையாயிற்று என்பதை மறக்கக் கூடாது.

உடல் காட்டும் அடையாளங்கள்

இந்நோயின் இரத்தக் கசிவு பெரும்பாலும் தோலிலும், மூக்கு, வாய், குடல், கருப்பை போன்ற ஈரப்பசையுள்ள உட்படலங்களிலும்தான் நிகழ்கிறது. 1990-இல் வெளியான ஒரு பெருந்தொகுப்பு, அதுவரை அறியப்பட்ட 177 நோயாளிகளை அலசியது. அவர்களில் 86 விழுக்காட்டினருக்குத் தோலில் இரத்தக்கட்டு, 73 விழுக்காட்டினருக்கு மூக்கில் இரத்தம், 55 விழுக்காட்டினருக்கு ஈற்றில் இரத்தம் வந்திருந்தது. மாதவிலக்கு வயதை எட்டிய பெண்களில் அநேகமாக எல்லோருக்கும் பெரும்போக்கு இருந்தது. மூட்டுக்குள் இரத்தம் இறங்கியவர்கள் 3 விழுக்காடுதான்.

அடையாளங்கள் பிறந்த நாளிலிருந்தே தொடங்கலாம். பிரசவத்தின் அழுத்தத்தில் குழந்தையின் முகத்திலும் நெஞ்சிலும் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் தோன்றும். விரலால் அழுத்தினாலும் அவை வெளிறுவதில்லை. கொசுக்கடியையும் வேர்க்குருவையும் அவற்றிலிருந்து பிரித்தறிய அதுவே வழி. தடுப்பூசி போட்ட தொடையில் நீலம் பாரிக்கும். குழந்தை வீறிட்டு அழுத பிறகு கண்ணைச் சுற்றிப் புதிய புள்ளிகள் வரும். தவழத் தொடங்கியதும் முழங்காலில் மட்டுமல்லாமல், கைக்கடியில் பிடித்துத் தூக்கிய இடத்திலும், முதுகிலும், வயிற்றிலும்கூடக் கன்றிப்போகும். பொதுவாக அடிபடாத இடங்களில் கன்றல் இருப்பதைக் காணும் மருத்துவருக்கோ பராமரிப்பு நிலைய ஆசிரியைக்கோ, பிள்ளையை யாரோ அடித்திருக்கிறார்கள் என்ற ஐயம் எழுவது இயல்பு. மலேசியாவின் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி அந்த ஐயத்தைத் தெரிவிக்க வேண்டிய கடமை மருத்துவருக்கு உண்டு. குற்றமில்லாத பெற்றோர் தலைகுனிந்து நிற்க நேராமலிருக்க, அத்தகைய ஒவ்வொரு குழந்தைக்கும் இரத்தக் கசிவு நோய்க்கான பரிசோதனையும் கூடவே செய்யப்பட வேண்டும்.

தமிழ்க் குழந்தையின் வாழ்க்கையில் நோய் வெளிப்படும் தருணங்கள் இன்னும் சில. மொட்டை அடிக்கும்போது விழும் சிறு வெட்டு, காது குத்திய துளை, தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் சுன்னத். காது குத்திய இடம் சற்று நேரத்தில் காய்ந்துவிட வேண்டும். மறுநாளும் தோட்டைச் சுற்றி ஈரமாகவே இருந்தாலோ, குழந்தையின் கழுத்து மடிப்பில் இரத்தம் இறங்கியிருந்தாலோ அது காது குத்தியவரின் கைத்தவறு என்று விட்டுவிடலாகாது. சுன்னத் செய்த புண் நிற்காமல் கசிவதும் அப்படியே.

பால்பல் விழும் வயது அடுத்த கட்டம். ஆறு, ஏழு வயதில் பல் விழுந்த குழியிலிருந்து இரவெல்லாம் இரத்தம் ஊறும். காலையில் தலையணை உறையில் பழுப்புக் கறை, வாயில் கொழகொழவென்ற கருஞ்சிவப்புக் கட்டி. விழுங்கிய இரத்தம் வயிற்றைப் புரட்டி வாந்தியாக வரலாம். மலம் கருத்துப் போகலாம். குடலில்தான் புண் என்று தேடத் தொடங்கினால் காலம் வீணாகும்.

ஆயினும் பெற்றோரை மருத்துவமனைக்கு ஓட வைப்பது பெரும்பாலும் மூக்குதான். மூக்கில் இரத்தம் வருவது எல்லாக் குழந்தைகளுக்கும் எப்போதாவது நடப்பது. அதைத் தமிழர் வீடுகளில் உடம்புச் சூடு என்று சொல்லி இளநீர் கொடுப்பதும் எண்ணெய் தேய்த்துவிடுவதும் வழக்கம். சாதாரண மூக்கு இரத்தத்தையும் நோயின் அடையாளத்தையும் பிரித்தறிய நேரத்தைக் கணக்கிட வேண்டும். பிள்ளையை உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை இரு விரலால் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கசிவு பத்து நிமிடத்துக்குள் நிற்கும். அதற்கு மேலும் நீடித்தால், ஆண்டுக்கு ஐந்து தடவைக்கு மேல் வந்தால், இரண்டு துவாரத்திலும் மாறி மாறி வந்தால், பஞ்சு வைத்து அடைக்கவோ இரத்தம் ஏற்றவோ நேர்ந்தால், அதைச் சூடு என்று சொல்லி முடிக்கக் கூடாது. மூக்கைத் தொடர்ந்து ஈறு வருகிறது. பல் துலக்கும்போது துப்புவதில் சிவப்பு தெரிவதால் பிள்ளை பல் துலக்கப் பயப்படுகிறது. துலக்காததால் ஈறு வீங்குகிறது. வீங்கிய ஈறு இன்னும் அதிகமாகக் கசிகிறது. இந்தச் சுழலில் சிக்கி, எந்நேரமும் வாயில் இரும்பு வாடையோடு திரியும் பிள்ளைகள் உண்டு. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் இரத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளிறிய உள்ளிமையும், படியேறினால் வாங்கும் மூச்சும், வகுப்பில் தூங்கி வழியும் சோர்வுமே அதைக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்துவிட்டு, அந்த இரும்பு எங்கே போகிறது என்று தேடாமல் விட்டால் நோய் அப்படியே இருக்கும்.

பூப்பெய்தும் வயதில் ஆபத்து கூடுகிறது. பருவமடைந்த முதல் ஆண்டு, இரண்டாண்டுகளில் கருமுட்டை மாதந்தோறும் வெளியாவதில்லை. அதனால் ஆரோக்கியமான சிறுமிக்கும் போக்கு ஒழுங்கில்லாமலும் கூடுதலாகவும் இருக்கலாம். தட்டணுக்கள் ஒட்டாத சிறுமிக்கு அதே போக்கு நிற்காமல் பெருகி, சில நாட்களில் உயிருக்கே கேடாகலாம். சடங்கு வைத்து, தனி அறையில் உட்கார வைத்து, உறவுப் பெண்கள் சூழ இருக்கும் அந்த நாட்களில்தான் இது நிகழ்கிறது. “வயசுக்கு வந்த புதுசுல அப்படித்தான் போகும், போகப் போகச் சரியாயிடும்” என்று அத்தையோ பெரியம்மாவோ ஆறுதல் சொல்கிறார். தாய்க்கும் அவர் தமக்கைக்கும் அப்படியே பெரும்போக்கு இருந்திருந்தால், அதுவே குடும்பத்தின் இயல்பு என்று ஆகிவிடுகிறது. வெட்கத்தால் சிறுமி அளவைச் சொல்வதில்லை. தந்தைக்குச் செய்தி போவதே கடைசியில்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கும் மேலாக நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, 50 சென் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவது, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது ஆகியவை ஆறுதல் சொல்லிக் கடத்தும் விஷயங்கள் அல்ல. தட்டணு ஒட்டுவதற்கு வேண்டிய இன்னொரு புரதம் குறையும் வான் வில்லிபிராண்ட் நோயை உலகம் அறிந்ததே இப்படி ஒரு சிறுமியால்தான். பின்லாந்தின் ஆலந்து தீவுகளிலிருந்து ஐந்து வயதில் மருத்துவரிடம் கொண்டுவரப்பட்ட அவள், 13 வயதில், நான்காவது மாதவிலக்கில் இரத்தம் நிற்காமல் இறந்தாள். எரிக் வான் வில்லிபிராண்ட் அவளுடைய குடும்பத்தை விவரித்து 1926-இல் எழுதினார்.

மலேசியாவில் மாதவிலக்கு வலிக்குப் பொன்ஸ்தான் விழுங்குவது மிகப் பரவலான பழக்கம். அதிலுள்ள மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டிக்ளோஃபெனாக் எல்லாமே தட்டணுக்களின் மிச்சசொச்சச் செயலையும் குறைக்கும் வகை வலிமருந்துகள். இந்நோய் உள்ள பெண் வலிக்கென்று விழுங்கும் மாத்திரை போக்கை மேலும் பெருக்கிவிடும். பனடோல் என்று அறியப்படும் பாராசிட்டமோலுக்கு அந்தக் குணம் இல்லை.

நோய் ஒரே குடும்பத்தில்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. அக்காளுக்குப் பலமுறை இரத்தம் ஏற்ற நேரும்; அதே மரபணுப் பிழை உள்ள தம்பிக்குக் கன்றல்களோடு நின்றுவிடும். வயது ஏற ஏற மூக்கு இரத்தம் பலருக்கும் குறைகிறது. பல் பிடுங்கல், டான்சில் அறுவை, பிரசவம் ஆகியவை எந்த வயதிலும் ஆபத்தாகவே இருக்கின்றன. பிரசவத்துக்குப் பிந்திய கசிவு வாரக்கணக்கில் நீளலாம். தலையில் அடிபடுவது அரிதாக நேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம்.

வேறு நோய்களோடு குழம்பும் இடங்கள்

ஹீமோஃபீலியா பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது. அதில் இரத்தம் ஆழத்தில், முழங்கால், முழங்கை மூட்டுகளிலும் தசைகளிலும், அடிபட்டுச் சற்று நேரம் கழித்து இறங்கும். கிளான்ஸ்மன் நோய் ஆண், பெண் இருவருக்கும் சமமாக வரும். கசிவு காயம் பட்ட கணத்திலேயே, மேற்பரப்பில் தொடங்கும். காரணி பதின்மூன்று குறைவு என்ற மற்றோர் அரிய நோய், தொப்புள்கொடி விழும் நாட்களில் அங்கே நிற்காத கசிவாகத் தலைகாட்டும். வழக்கமான உறைவுப் பரிசோதனைகள் அதிலும் சரியாகவே இருக்கும்.

அதிகம் நடக்கும் குழப்பம் ஐ.டி.பி. என்ற நோயோடுதான். அது உடலே தன் தட்டணுக்களை அழிக்கும் நோய். தோலில் அதே புள்ளிகள், மூக்கில் அதே இரத்தம். ஆனால் அதில் எண்ணிக்கை குறைந்திருக்கும். திடீரென்று, பெரும்பாலும் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கும். கிளான்ஸ்மன் பிள்ளைக்குக் கன்றல்கள் பிறந்ததிலிருந்தே இருக்கும். எப்போதிருந்து என்ற கேள்வியைக் கேட்காமல், ஐ.டி.பி. என்று எண்ணி ஸ்டீராய்டு தொடங்கினால் பயனின்றிப் பக்கவிளைவு மட்டும் மிஞ்சும். பெர்னார்ட்-சூலியே நோய் மற்றொரு பிறவித் தட்டணுக் கோளாறு. அதில் தட்டணுக்கள் வழக்கத்தைவிடப் பெரியவையாகவும் எண்ணிக்கையில் குறைந்தும் இருக்கும்.

டிங்கிக் காலம் ஜொகூரில் இதை மேலும் சிக்கலாக்குகிறது. காய்ச்சலோடு ஈற்றில் இரத்தம் வந்தால் டிங்கி என்றே முதலில் தோன்றும். அப்படித் தோன்றுவதும் சரியே. காய்ச்சல் போய், பிளேட்லெட் மீண்டும் ஏறிய பிறகும் கசிவு தொடர்ந்தாலோ, காய்ச்சலுக்கு முன்பும் அப்படி வந்ததுண்டு என்று தாய் சொன்னாலோ, அங்கே வேறொரு நோயைத் தேட வேண்டும்.

உறுதி செய்வது

முழு இரத்தப் பரிசோதனையில் தட்டணு எண்ணிக்கை சரியாக இருக்கும்; பி.டி., ஏ.பி.டி.டி. என்ற உறைவு நேரப் பரிசோதனைகளும் சரியாக இருக்கும். மூன்றும் சரியாக இருந்தும் பிள்ளைக்கு இரத்தம் கசிந்துகொண்டிருப்பதே ஒரு முக்கியமான தடயம். விரல் நுனியில் குத்தி எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் மற்றொரு தடயம் கிடைக்கும். ஆரோக்கியமான இரத்தத்தில் ஊதா நிறத் துணுக்குகள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். இந்நோயில் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். கவனமான ஆய்வுக்கூடப் பணியாளர் ஒருவர் இந்தப் படத்திலேயே சந்தேகப்பட்டுவிடலாம்.

உறுதிப்படுத்தும் பரிசோதனை தட்டணுத் திரட்சிச் சோதனை. தட்டணுக்கள் நிறைந்த பிளாஸ்மா கலங்கலாக இருக்கும். அதில் ஏ.டி.பி., கொலாஜன், அட்ரினலின் போன்ற தூண்டுபொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். ஆரோக்கியமான தட்டணுக்கள் திரண்டு கீழே ஒதுங்க, கலங்கல் தெளியும். ஒளி ஊடுருவும் அளவைக் கருவி கோடாக வரையும். கிளான்ஸ்மன் நோயாளியின் பிளாஸ்மா எதைச் சேர்த்தாலும் கலங்கலாகவே நிற்கும். ரிஸ்டோசெடின் என்ற ஒன்றுக்கு மட்டும் திரளும், ஏனெனில் அது வேறோர் ஏற்பியின் வழியாக வேலை செய்கிறது. இந்த ஒற்றை வேறுபாடே நோயின் கையெழுத்து. இரத்தம் எடுத்து நான்கு மணி நேரத்துக்குள் இதைச் செய்தாக வேண்டும். மாதிரியைக் குளிரூட்டக் கூடாது. அதற்கு முந்திய ஏறத்தாழ இரு வாரங்களில் ஆஸ்பிரின் போன்றவற்றை விழுங்கியிருக்கவும் கூடாது. மெர்சிங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். குழாயை அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பரிசோதனை அல்ல இது. நோயாளியே ஆய்வுக்கூடம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியிருக்கும். குளுவாங், சிகாமட், மூவார், பத்து பகாட் பகுதிக் குடும்பங்களுக்கு வழி பொதுவாக அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் தொடங்கி, மாவட்ட மருத்துவமனை, ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனை என்று நீண்டு, தேவைப்பட்டால் நாட்டின் இரத்தநோய் மேற்சிகிச்சை நிலையமான அம்பாங் மருத்துவமனை வரை செல்லும். பாய்ம அளவி என்ற கருவியால் தட்டணுவின் மேல் சிடி41, சிடி61 என்ற குறிகள் உள்ளனவா என்று பார்ப்பது இன்னொரு முறை. அதற்குச் சில துளி இரத்தம் போதும் என்பதால் கைக்குழந்தைகளுக்கு ஏற்றது.

சொந்தத்தில் மணமும் வேலூரின் கண்டுபிடிப்பும்

ஏற்பியை உண்டாக்கும் இரு மரபணுக்களும் 17-ஆம் குரோமோசோமில் உள்ளன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையான பிரதியைப் பெற்ற பிள்ளைக்கே நோய் வரும். ஒரே ஒரு பிழைப் பிரதியைச் சுமப்பவருக்கு எந்தத் தொல்லையும் இருக்காது. தாம் சுமப்பதே தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள பிள்ளை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அந்நியர் இருவர் ஒரே அரிய பிழையைச் சுமப்பது அபூர்வம். ஒரே தாத்தா பாட்டியின் வழிவந்த மாமன் மகளும் அத்தை மகனும் சுமப்பது அப்படியல்ல. தாய்மாமனும் அக்காள் மகளும் மணந்தால் வாய்ப்பு இன்னும் கூடும்.

தமிழ்நாட்டில் இன்றும் கால்பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடக்கின்றன. ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள், தங்கள் ஊரிலிருந்தும் உறவிலிருந்துமே ஆட்களைக் கூட்டி வந்தார்கள். அதனால் ஒரே தோட்ட வரிசை வீடுகளில் பல வழியில் உறவான குடும்பங்கள் வாழ்ந்தன. மலேசியச் சட்டமும் இந்த வழக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறது. முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்களை ஆளும் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, மாமன் மருமகள் உறவில் மணம் கூடாது என்று சொல்லிவிட்டு, இந்து வழக்கப்படி அக்காள் மகளையோ தாய்மாமனையோ மணப்பதற்கு விலக்கு அளிக்கிறது.

இந்நோயின் மரபணு வரலாற்றில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குத் தனி இடமுண்டு. அங்கிருந்த இரத்தநோய் வல்லுநர்களும் இஸ்ரேலிய, அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து தென்னிந்தியாவின் 40 குடும்பங்களை ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஈராக்கிய யூதர்களில் பெரும்பாலான நோயாளிகளிடம் ஒரே பிழைதான் காணப்படுகிறது. எப்போதோ வாழ்ந்த ஒரு மூதாதையிடமிருந்து வந்தது அது. தென்னிந்தியக் குடும்பங்களிலோ 23 வெவ்வேறு பிழைகள் கிடைத்தன. அவற்றில் 20 உலகில் அதுவரை அறியப்படாதவை. எந்த ஒரு சாதிக்கோ ஊருக்கோ வம்சத்துக்கோ உரிய நோயாக இதைச் சுட்ட இடமில்லை என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் தனித்தனியே தோன்றிய பிழைகள், உறவுக்குள் மணம் நடந்ததால் அந்தந்த வீட்டில் இரட்டித்து நோயாயின. “எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லை” என்ற பதில் இந்த நோயை மறுப்பதாகாது. பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்கும் மருத்துவர் குறை கூறும் குரலில் கேட்கக் கூடாது. குறிப்பாக, பிள்ளையைப் பெற்ற தாயின் தலையில் அந்தப் பழி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்டறிந்த பிறகு

வேரோடு போக்கும் மருந்து இல்லை. எலும்பு மச்சை மாற்றம் மட்டும் முற்றாகக் குணப்படுத்தும். அதன் ஆபத்து பெரிது என்பதால் மிகக் கடுமையான நிலையில்தான் அதை நாடுகிறார்கள். மற்றவர்களுக்கு அன்றாடம் உதவுவது அழுத்திப் பிடிப்பதும், டிரனெக்சாமிக் அமிலம் என்ற விலை குறைந்த மருந்தும். மாத்திரையாக மட்டுமல்லாமல், வாய் கொப்பளிக்கும் நீராகவும் அதைப் பயன்படுத்துவதுண்டு. உறைந்த இரத்தம் கரைந்துபோகாமல் அது காக்கும். சிறுநீரில் இரத்தம் வரும்போது மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அதை எடுக்கக் கூடாது. பெரும்போக்குள்ள பெண்களுக்கு ஹார்மோன் சிகிச்சை மாதவிலக்கைக் கட்டுக்குள் கொண்டுவருகிறது. பூப்பெய்தும் வயதை நெருங்கும் சிறுமிக்கு அந்த ஏற்பாட்டை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

பெருங்கசிவுக்கும் அறுவைக்கும் பிறரின் தட்டணுக்களை ஏற்றுவார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. நோயாளியின் உடல் அந்த ஏற்பியைப் பிறந்ததிலிருந்து கண்டதே இல்லை. அதனால் ஏற்றிய தட்டணுக்களை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள்களை உண்டாக்கிவிடலாம். அதன்பின் எத்தனை பை ஏற்றினாலும் பயன் இராது. கர்ப்பிணியிடம் அந்த எதிர்ப்பொருள் இருந்தால் அது நஞ்சுக்கொடி வழியாகச் சென்று சிசுவின் தட்டணுக்களையும் அழிக்கக்கூடும். சிறு கசிவுக்கெல்லாம் தட்டணு ஏற்றாமல், உண்மையான தேவைக்கென்று அதை ஒதுக்கி வைப்பது அதனால்தான். எதிர்ப்பொருள் உண்டானவர்களுக்கு, செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட காரணி ஏழு என்ற ஊசி மருந்து இருக்கிறது. ஐரோப்பாவில் 2004-இலும் அமெரிக்காவில் 2014-இலும் இந்நோய்க்கு அது ஒப்புதல் பெற்றது. அதன் விலை மிக அதிகம்.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. விடாமல் செய்ய வேண்டியவை. மென்மையான தூரிகையால் நாள்தோறும் பல் துலக்குதல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவர், இரும்புச்சத்து மாத்திரை, ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி. தடுப்பூசிகளை நிறுத்தத் தேவையில்லை. மெல்லிய ஊசியால் போட்டு, போட்ட இடத்தைச் சில நிமிடம் தேய்க்காமல் அழுத்திப் பிடித்தால் போதும். அலகு குத்திக் காவடி எடுக்கும் நேர்த்திக்கடன் இவர்களுக்கு ஏற்றதல்ல, பால்குடம் எடுக்கலாம். நோயின் பெயர், இரத்த வகை, எடுக்கக் கூடாத மருந்துகள், சிகிச்சை பெறும் மருத்துவமனை ஆகியவற்றை எழுதிய அட்டை, மைகாட் என்ற அடையாள அட்டையுடன் எப்போதும் இருக்க வேண்டும். அதன் நகல் பள்ளித் தலைமையாசிரியரிடமும் இருப்பது நல்லது. விபத்தில் நினைவிழந்து கிடப்பவர் பரிசோதனை அறையில் தம் நோயைச் சொல்ல முடியாது. அங்கே முதலில் வரும் முடிவோ, பிளேட்லெட் சரி என்றுதான் காட்டும்.

ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானதும் உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும், கன்றல்கள் குறைவாக இருப்பவர்களையும் விடாமல். பிழையான மரபணு எது என்று தெரிந்துவிட்டால் அடுத்த கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே சிசுவுக்கு நோய் உண்டா என்று அறிய வழியுண்டு. தாயின் சகோதரர்களும் தந்தையின் சகோதரிகளும் தங்கள் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுமுன் தாங்கள் சுமப்பவர்களா என்று தெரிந்துகொள்ளலாம். அந்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குக் காது குத்துவதையோ சுன்னத்தையோ, அக்குழந்தையையும் பரிசோதித்து முடிவு வரும்வரை தள்ளி வைக்க வேண்டும்.